மண்டையில பள்ளமா? ஆழத்தை விடுங்க, எப்பலேர்ந்து இருக்குன்னு பாருங்க

பழனியிலயோ திருப்பதியிலயோ மொட்டை போட்டுட்டு வந்து கண்ணாடி முன்னாடி நிக்கும்போதுதான் நம்மள்ல நிறைய பேருக்கு தன்னோட தலை என்ன ஷேப்புன்னே முதல் தடவையா தெரியவருது. அதுவரைக்கும் முடி மறைச்சு வச்சிருந்த மேடு பள்ளம் எல்லாம் சந்தனம் தடவும்போது கைக்கு தட்டுப்படும், பின்மண்டையில ஒரு முண்டு, உச்சியில ஒரு இறக்கம், ஒரு பக்கம் கொஞ்சம் தட்டை. அன்னிக்கு ராத்திரியே போனை எடுத்து தேட ஆரம்பிப்பாங்க, ஒரு மணிக்கெல்லாம் தேடல் கேன்சர்ல போய் நிக்கும். நான் ஒரு ஸ்கேன் சென்டர்ல சிடி எடுக்குற வேலை பாக்குறேன், டாக்டர் இல்ல, ஆனா இந்த பயத்தோட வர்றவங்களை நிறைய பாத்திருக்கேன், அதுல பெரும்பாலானவங்களுக்கு மண்டை நல்லாத்தான் இருக்கும், சிலருக்கு மட்டும் நெஜமாவே கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கும். இந்த ரெண்டையும் எப்படி பிரிச்சுப் பாக்குறதுன்னு கொஞ்சம் விளக்கமா சொல்றேன்.

மண்டை ஓடு ஒரே எலும்பு இல்ல. முகத்தையும் சேத்தா பெரியவங்களுக்கு 22 எலும்பு, அதுல மூளையைச் சுத்தி இருக்கிறது 8. இதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ற கோட்டுக்கு சூச்சர்னு பேரு. மண்டையோட்டுல நெளிநெளியா ஒரு கோடு ஓடுமே, பிரம்மன் எழுதினதுன்னு பெரியவங்க சொல்லுவாங்களே, அதேதான். நெத்தி எலும்பு முடியற இடத்துல குறுக்க ஒண்ணு, நடு உச்சியில முன்னாலேர்ந்து பின்னால ஒண்ணு, பின்மண்டையில ரெண்டு பக்கமும் சரிஞ்சு இறங்குற மாதிரி ஒண்ணு. இந்தக் கோடுங்க மேல விரலை ஓட்டினா லேசா இறங்கும், சிலருக்கு லேசா வரப்பு கட்டின மாதிரி இருக்கும், ரெண்டுமே சாதாரணம். குறிப்பா நெத்திக்கோடும் நடுக்கோடும் சேர்ற இடம், அதாவது சின்ன வயசுல உச்சிக்குழி இருந்த இடம், அங்க பெரியவங்க நிறைய பேருக்கு ஆழமில்லாத ஒரு இறக்கம் இருக்கும், என்கிட்ட வர்ற பள்ளக் கேள்வியில இதுக்குத்தான் முதல் இடம்.

அடுத்தது பின்மண்டை முண்டு. கழுத்துக்கு கொஞ்சம் மேல, சரியா நடுவுல, கல்லு கணக்கா கெட்டியா இருக்கும். கழுத்தோட பின்பக்க தசையும் நாரும் புடிச்சுக்கிற இடம் அது, பொதுவா ஆம்பளைங்களுக்கு பெருசாவே இருக்கும். அந்த முண்டு தூக்கலா இருக்கறவங்களுக்கு அதுக்கு மேலயும் கீழயும் பள்ளம் விழுந்த மாதிரி தோணும், மேடு இருந்தா பக்கத்துல பள்ளம் தெரியத்தானே செய்யும். காதுக்குப் பின்னால ரெண்டு பக்கமும் ஒரு மேடு, அதுவும் எல்லாருக்கும் உண்டு. இடது பக்கமும் வலது பக்கமும் அச்சு எடுத்த மாதிரி ஒரே அளவுல இருக்கிற மண்டையை நான் ஸ்கேன்ல பாத்ததா ஞாபகமே இல்ல, எல்லாருக்கும் ஏதோ ஒரு பக்கம் கொஞ்சம் கூட இருக்கும், கொஞ்சம் குறைய இருக்கும்.

இன்னொண்ணையும் சொல்லிடறேன், கைக்கு பள்ளமா தெரியறதெல்லாம் எலும்புல இருக்கிற பள்ளம் கிடையாது. எலும்புக்கு மேல தோல் இருக்கு, கொழுப்பு இருக்கு, பக்கவாட்டுல தசை இருக்கு. நெத்திப்பொட்டுல கையை வச்சுக்கிட்டு பல்லை இறுக்கிக் கடிச்சுப் பாருங்க, உள்ள ஒண்ணு புடைச்சு எழும்பும், அது மெல்றதுக்கான தசை. உடம்பு திடீர்னு இளைச்சவங்களுக்கும் வயசானவங்களுக்கும் அந்த இடத்துல கொழுப்பும் தசையும் வத்திப்போய் ரெண்டு பக்கமும் குழி விழுந்த மாதிரி தெரியும், மண்டை ஓடு அப்படியேதான் இருக்கும் (ஆனா டயட் எதுவும் இல்லாம தானா இளைச்சிருந்தா அந்த இளைப்பை டாக்டர்கிட்ட காட்டணும், அது வேற கதை). நாள் முழுக்க ஹெட்போன் மாட்டி கேம் ஆடற பசங்க நடு உச்சியில பள்ளம் விழுந்துடுச்சுன்னு பதறுவாங்க. முடியும் தோலும்தான் அமுங்கி இருக்கும், கழட்டி வச்சா கொஞ்ச நேரத்துல சரியாகிடும், பெரியவங்க மண்டை எலும்பை வளைக்கிற அளவுக்கு எந்த ஹெட்போனுக்கும் சக்தி கிடையாது.

சரி, பள்ளம் நெஜமாவே எலும்புலதான் இருக்குன்னு வச்சுக்கோங்க. எல்லாரும் முதல்ல கேக்குறது "எவ்வளவு ஆழம்?". நான் கேப்பேன், எப்பலேர்ந்து இருக்கு, மாறுதா மாறலையா. பொறந்ததுலேர்ந்து ஒரு இஞ்ச் தட்டையா இருக்கிற பின்மண்டை உங்களை ஒண்ணும் பண்ணாது, ஆனா போன வருஷம் இல்லாம இந்த வருஷம் வந்திருக்கிற ஒரு சின்னக் குழியைப் பாத்தே ஆகணும். புதுசா வந்திருக்கா இல்ல இப்பதான் கவனிச்சீங்களாங்கிறதை கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம், அதுக்கு நம்ம வீட்லயே நல்ல சாட்சி இருக்கு, காதுகுத்து ஆல்பத்தை எடுங்க. தாய்மாமா மடியில மொட்டைத் தலையோட உக்காந்து அழுதுட்டு இருப்பீங்கல்ல, அந்த போட்டோல உங்க தலையோட ஷேப் எல்லாக் கோணத்துலயும் பதிவாகி இருக்கும். அப்படியே அப்பா, தாத்தா, சித்தப்பா தலையையும் ஒரு தடவை தொட்டுப் பாருங்க, பாதி பேருக்கு அதே மேடு அதே இடத்துல இருக்கும், மூக்கு மாதிரி மண்டையும் பரம்பரையா வர்றதுதான்.

ஆல்பம் எதுவும் இல்லன்னா இன்னிக்கு ஒரு போட்டோ எடுத்து வைங்க, முடியை நனைச்சு சீவிட்டு, ஜன்னல் வெளிச்சத்துல, மேலேர்ந்து ஒண்ணு, ரெண்டு பக்கம், பின்னாடி ஒண்ணு. மாசம் ஒரு தடவை அதே இடத்துல நின்னு அதே மாதிரி எடுத்தா போதும். தயவுசெஞ்சு தினமும் விரலால குத்திக் குத்திப் பாக்காதீங்க, அழுத்தி அழுத்தி அந்த இடத்துல தோல் வீங்கிக்கும், வலிக்கும், அப்புறம் அந்த வலியே புது பயமா வரும், இப்படி வந்தவங்க கதை நிறைய இருக்கு.

குழந்தைங்க விஷயம் முழுக்க வேற. அவங்களுக்கு மண்டை இன்னும் வளந்துக்கிட்டு இருக்கு, அதனால சிலதுக்கு சும்மா காத்திருந்தாலே சரியாகிடும், சிலதுக்கு காத்திருந்தா சரியான நேரம் கையை விட்டுப் போயிடும். எது எதுன்னு தெரியாம இருக்கறதாலதான் ஒரு வீட்ல தேவையில்லாம பயப்படறாங்க, இன்னொரு வீட்ல "வளந்தா தானா சரியாகிடும்"னு விட்டுடறாங்க.

சுகப்பிரசவத்துல வெளிய வரும்போது குழந்தையோட மண்டை எலும்புங்க ஓட்டு வீட்டு ஓடு மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு கொஞ்சம் ஏறிக்கும், அப்பதான் அந்த சின்ன வழியில தலை வர முடியும். அதனால பொறந்த உடனே தலை நீளமா, கூம்பா இருக்கும், சில நாள்லயே, அதிகபட்சம் சில வாரத்துல உருண்டையாகிடும். சிசேரியன்ல பொறந்ததுக்கு இந்த நெருக்கல் பெருசா இருக்காது, அதான் அதுங்க தலை முதல்லயே உருண்டையா இருக்கும். சில குழந்தைக்கு தலையில மெத்துனு வீக்கம் இருக்கும், ரெண்டு மூணு நாள்ல வத்திடும். இன்னும் சிலதுக்கு, முக்கியமா வேக்யூம் (தலையில கப் மாதிரி ஒட்டி உறிஞ்சி இழுக்கிற கருவி) வச்சு எடுத்ததுக்கு, எலும்புக்கும் அதை மூடியிருக்கிற சவ்வுக்கும் நடுவுல ரத்தம் கட்டி ஒரு பக்கமா புடைச்சு நிக்கும், இது கரைய சில வாரம், சிலதுக்கு மூணு மாசம் கூட ஆகும். கரையும்போது ஓரம் மட்டும் முதல்ல கெட்டியாகும், நடுவுல மெத்துனு இருக்கும், தொட்டுப் பாத்தா எலும்பு உடைஞ்சு உள்ள போன மாதிரியே இருக்கும், பாட்டிமார்கள் அலறிடுவாங்க. ஊசி போட்டு உறிஞ்சி எடுக்கவோ சுடு ஒத்தடம் கொடுக்கவோ வேண்டாம், டாக்டர் பாத்துட்டு அதுதான்னு சொல்லிட்டா விட்டுடறதுதான் வைத்தியம். அந்த ரத்தம் கரையும்போது மஞ்சக்காமாலை கூட வாய்ப்பிருக்கு, அதை மட்டும் கவனிங்க.

உச்சிக்குழி பத்தி. முன்னால இருக்கிற பெரிய குழி பொதுவா ஒன்பது மாசத்துலேர்ந்து ஒன்றரை வயசுக்குள்ள மூடும், சிலதுக்கு ரெண்டு வயசு வரை ஆகும், பின்னாடி இருக்கிற சின்னது ரெண்டு மூணு மாசத்துலயே மூடிடும். அது துடிக்கிறது தப்பே இல்ல. குழந்தையை உக்கார வச்சிருக்கும்போது லேசா உள்ள இறங்கியிருக்கறதும் சாதாரணம்தான். வயித்துப்போக்கு, வாந்தி இருந்து, வாய் காஞ்சு, ஒண்ணுக்குப் போறதும் குறைஞ்சு, உச்சி நல்லா குழி விழுந்திருந்தா உடம்புல தண்ணி வத்திப் போச்சுன்னு அர்த்தம், உடனே ஆஸ்பத்திரி. அழாம அமைதியா இருக்கும்போதும் உச்சி புடைச்சு இறுக்கமா நின்னுச்சுன்னா, கூட ஜுரமோ வாந்தியோ இருந்துச்சுன்னா, அதுக்கும் ராத்திரி பகல் பாக்காம ஆஸ்பத்திரிதான். உச்சியில எண்ணெய் வைக்கிறதை நான் ஒண்ணும் சொல்லல, தடவினா தடவிட்டுப் போங்க, ஆனா எண்ணெய் வச்சாத்தான் மூடும்னு ஒண்ணும் கிடையாது, எலும்பு அது பாட்டுக்கு வளந்து மூடும்.

குளிப்பாட்டுற பாட்டி காலை நீட்டி குழந்தையைப் படுக்க வச்சு தலையை உருட்டி உருட்டி புடிச்சு விடுவாங்களே, அதுக்கும் இதே பதில். மெதுவா தடவறதுல நஷ்டம் இல்ல, தலை உருண்டையாகறதும் அதால இல்ல, தானா ஆகப்போறது ஆகும்போது பாட்டிக்கு பேர் வந்துடுது. வேகமா அழுத்தறது, மூக்கை இழுக்கிறது, நெத்தியை அமுக்கறதெல்லாம் வேண்டாம்.

இப்ப ரொம்ப அதிகமா பாக்குறது தட்டைத் தலை. 1992ல அமெரிக்க குழந்தை மருத்துவர் சங்கம் குழந்தையை மல்லாக்க படுக்க வச்சு தூங்க வைங்கன்னு சொல்லுச்சு, 1994ல அது ஒரு பெரிய பிரச்சாரமாவே அங்க நடந்துச்சு, தூக்கத்துலயே காரணம் தெரியாம குழந்தைங்க சாகறது அதுக்கப்புறம் அங்க பாதிக்கும் கீழ குறைஞ்சுது. கூடவே பின்மண்டை தட்டையாகற குழந்தைங்க எண்ணிக்கை கூடுச்சு, மெத்துனு இருக்கிற எலும்பு மணிக்கணக்கா ஒரே பக்கம் தரையில அழுந்தினா தட்டையாகத்தான் செய்யும். இதுக்கு பயந்து குப்புற படுக்கப் போட்டு தூங்க வைக்காதீங்க, தட்டைத் தலை வெறும் ஷேப்பு, மூளை வளர்ச்சியை அது அமுக்கறதில்ல, குப்புற தூங்கறதுல இருக்கிறது உயிர் ஆபத்து.

பண்ண வேண்டியது என்னன்னா, முழிச்சிருக்கும்போது, நீங்க பக்கத்துல இருக்கும்போது, குப்புற போட்டு விளையாட விடுங்க, ஒரு நாளைக்கு பல தடவை, கொஞ்சம் கொஞ்சமா நேரத்தைக் கூட்டிக்கலாம். படுக்க வைக்கும்போது ஒரு நாள் தலை இந்தப் பக்கம், மறுநாள் அந்தப் பக்கம். குழந்தை எப்பவும் ஃபேனையோ ஜன்னலையோ அம்மாவையோ பாத்தே ஒரே பக்கம் திரும்பிக் கிடக்கும், அதனால படுக்கையை மாத்திப் போட்டாலே வேலை நடந்துடும். தூளியில நாள் பூரா கிடந்தா தலையைத் திருப்ப இடம் இருக்காது, கைல தூக்கி வச்சுக்கிறது நல்லது. எவ்வளவு மாத்திப் படுக்க வச்சாலும் குழந்தை மறுபடி அதே பக்கமே திரும்புது, இன்னொரு பக்கம் திருப்பினா அழுதுன்னா கழுத்து தசை ஒரு பக்கம் இறுகியிருக்கலாம், அதுக்கு பிசியோதெரபி இருக்கு, சீக்கிரம் ஆரம்பிச்சா அருமையா கேக்கும், கழுத்து சரியாகாம தலை சரியாகாது.

கடுகு தலையணை, நடுவுல குழி வச்ச தலையணை, இதெல்லாம் ஆன்லைன்ல நல்லா ஓடுது. ஒரு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்கு தூங்கும்போது தலையணையே வேண்டாம், மூச்சடைக்கிற ஆபத்து இருக்கு. தலை ஷேப்புக்குன்னு விக்கிற தலையணைங்களைப் பயன்படுத்தாதீங்கன்னு 2022ல அமெரிக்காவோட எஃப்டிஏ (மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கிற அரசு அமைப்பு) எச்சரிக்கையே விட்டுச்சு. நம்ம வீட்ல அதை சீர் வரிசையில வச்சுக் கொடுக்கறாங்க, என்ன சொல்றது.

அடுத்தது தலைக்கு மாட்டுற ஹெல்மெட். காசு நிறைய செலவாகும், ஒரு நாளைக்கு 23 மணி நேரம் மாட்டி வைக்கணும், நம்ம ஊர் வெயில்ல யோசிச்சுப் பாருங்க. நெதர்லாந்துல 84 குழந்தைங்களை வச்சு நடந்து 2014ல வெளியான ஒரு ஆய்வுல, நடுத்தரமும் அதுக்கு மேலயும் தட்டையா இருந்த குழந்தைங்கள்ல பாதிப் பேருக்கு ஹெல்மெட், பாதிப் பேருக்கு ஒண்ணும் வேண்டாம்னு விட்டு, ரெண்டு வயசுல அளந்து பாத்தா ரெண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தேறியிருந்துச்சு. ரொம்ப மோசமா இருந்த குழந்தைங்களை அந்த ஆய்வுல சேக்கல, அந்த மாதிரி கேஸுக்கு சில டாக்டர்ங்க இன்னும் ஹெல்மெட் சொல்றாங்க, அதுவும் மண்டை வேகமா வளர்ற முதல் வருஷத்துக்குள்ள மாட்டினாத்தான். என் அபிப்பிராயம் கேட்டா, லேசான தட்டைக்கு கடன் வாங்கி ஹெல்மெட் மாட்டாதீங்க.

இனிமே சொல்றதை மட்டும் கொஞ்சம் நிதானமா படிங்க. 2000, 2500 குழந்தையில ஒண்ணுக்கு, எலும்புங்க சேர்ற கோட்டுல ஏதோ ஒண்ணு மூடவேண்டிய காலத்துக்கு முன்னாடியே மூடிக்கும், கிரானியோசினோஸ்டோசிஸ்னு பேரு. 1851லயே ருடோல்ஃப் விர்ஷோங்கிற ஜெர்மன் டாக்டர் இதோட கணக்கை சொல்லிட்டார், எந்தக் கோடு மூடுதோ அதுக்கு குறுக்குவாட்டுல மண்டை வளராது, வளர முடியற திசையில கூடுதலா வளரும். நடு உச்சிக் கோடு மூடினா, இதுதான் இருக்கறதுலயே அதிகம், தலை அகலமாகாம முன்னும் பின்னுமா நீண்டுக்கிட்டே போகும். நெத்தி நடுக்கோடு சீக்கிரம் மூடினா நெத்தி முக்கோணமா கூரா நிக்கும், கண்ணு ரெண்டும் நெருங்கின மாதிரி இருக்கும். குறுக்குக் கோடு ஒரு பக்கம் மட்டும் மூடினா அந்தப் பக்க நெத்தி தட்டையாகி கண்ணுக்குழி மேல ஏறின மாதிரி தெரியும். (நெத்தி நடுவுல லேசா ஒரு வரப்பு மட்டும் இருந்து மத்ததெல்லாம் சரியா இருந்தா அது நிறைய குழந்தைக்கு இருக்கிறதுதான், அந்தக் கோடு பெரும்பாலும் எல்லாருக்குமே முதல் வருஷத்துல மூடிடும்.)

படுக்கையால வந்த தட்டையா, கோடு மூடினதால வந்ததான்னு வீட்ல ஒரு மாதிரி ஊகிக்கலாம். குழந்தையை மடியில உக்கார வச்சு சரியா மேலேர்ந்து பாருங்க. படுக்கையால வந்ததுன்னா பின்னாடி எந்தப் பக்கம் தட்டையோ அந்தப் பக்க காது முன்னால தள்ளி இருக்கும், அந்தப் பக்க நெத்தியும் கொஞ்சம் முன்னால வந்திருக்கும், மொத்தத் தலையையும் ஒரு பக்கமா தள்ளிவிட்ட மாதிரி. பின்கோடு மூடினதுன்னா காது முன்னால வராது, பின்னாடியும் கீழயும் இழுத்த மாதிரி இருக்கும், காதுக்குப் பின்னால புடைப்பு தெரியும், கோட்டு மேல கெட்டியா வரப்பு தட்டுப்படும். இன்னொரு குறிப்பு, கோடு மூடினதால வர்றது பெரும்பாலும் பொறக்கும்போதே இருக்கும், மாசம் ஆக ஆக மோசமாகும், படுக்கைத் தட்டை பொறந்து சில வாரம் கழிச்சுதான் வரும், குழந்தை தலை நின்னு உக்கார ஆரம்பிச்சதும் தேற ஆரம்பிக்கும். சந்தேகம் இருந்தா அடுத்த தடுப்பூசி வரைக்கும் கூட தள்ளிப்போடாதீங்க, ஏன்னா சின்ன துளை போட்டு எண்டோஸ்கோப்புல பண்ற ஆபரேஷனை மூணு நாலு மாச வயசு வாக்குலதான் பண்ணுவாங்க, அதை விட்டுட்டா ஆறு மாசத்துக்கு மேல மண்டையைத் திறந்து எலும்பை எடுத்து ஒழுங்குபண்ணி வைக்கிற பெரிய ஆபரேஷன்தான் மிச்சம். பண்ணாம விட்டா சில குழந்தைக்கு உள்ள அழுத்தம் கூடி பார்வையும் மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படலாம். முதல்ல குழந்தை டாக்டர், அவர் சொன்னா குழந்தைங்களுக்கான நியூரோ சர்ஜன். தடுப்பூசிக்கு போறப்பல்லாம் டேப் வச்சு தலைச் சுற்றளவை அளந்து கார்டுல எழுதச் சொல்லுங்க, பொறக்கும்போது 34, 35 சென்டிமீட்டர் வாக்குல இருக்கும், ஒரு வயசுல 46 பக்கம் வரும், ஒரு தடவை அளந்த நம்பரை விட அது ஏறுற வேகம்தான் டாக்டருக்கு வேணும்.

கொஞ்சம் பெரிய குழந்தைக்கு நெத்தி ரெண்டு பக்கமும் புடைச்சுக்கிட்டு வந்தா வைட்டமின் டி குறைஞ்சு வர்ற ரிக்கெட்ஸ், தலசீமியா மாதிரி ரத்த நோய், இதெல்லாம் இருக்கான்னு ரத்தம் எடுத்துப் பாப்பாங்க.

பெரியவங்களுக்கு புதுசா பள்ளம் விழறதுல முதல் காரணம் அடிதான். பைக்குலேர்ந்து விழுந்து, மாடிப்படியில விழுந்து, எலும்பு உடைஞ்சு ஒரு துண்டு உள்ள அமுங்கிடும். அடிபட்ட உடனே வீக்கம் வந்து பள்ளத்தை மூடிடும்ங்கிறதால வெளிய ஒண்ணும் தெரியலைன்னு வீட்டுக்கு கூட்டிட்டுப் போயிடாதீங்க. வாந்தி, மயக்கம், குழப்பமா பேசறது, வலிப்பு, மூக்குலயோ காதுலயோ தண்ணி மாதிரி ஒழுகறது, கண்ணைச் சுத்தியோ காதுக்குப் பின்னாலயோ கறுத்துப் போறது, இதுல எது இருந்தாலும் நேரா எமர்ஜென்சி. அமுங்கின எல்லா எலும்பையும் தூக்கி வைக்க மாட்டாங்க, மேல தோல் கிழிஞ்சிருக்கா, எலும்போட தடிமனை விட ஆழமா இறங்கியிருக்கா, உள்ள ரத்தக்கட்டு இருக்கான்னு பாத்துதான் முடிவு பண்ணுவாங்க. சின்ன வயசுல ஊஞ்சல்ல விழுந்து அமுங்கினது இருபது வருஷமா அப்படியே இருக்கு, ஒரு தொந்தரவும் இல்லன்னா அதை இப்ப யாரும் தொட மாட்டாங்க.

தலையில பெரிய அடியோ ஸ்ட்ரோக்கோ வந்து மூளை வீங்கினப்ப அழுத்தம் குறைய மண்டை எலும்புல ஒரு பெரிய துண்டை எடுத்து வச்சிருப்பாங்க. அந்த எலும்பை நோயாளியோட வயித்துத் தோலுக்கு அடியிலயே வச்சுத் தைக்கிறது உண்டு, இல்லன்னா ஃப்ரீசர்ல வைப்பாங்க. வீக்கம் வத்தினதும் அந்தப் பக்கம் தலை கையளவுக்கு உள்ள குழிஞ்சு போகும், பாக்குற சொந்தக்காரங்களுக்கு வயித்தைக் கலக்கும். ஆனா இது எதிர்பார்த்ததுதான், பல மாசம் கழிச்சு அதே எலும்பையோ, இல்ல டைட்டானியம் தகடு, பீக்னு ஒரு பிளாஸ்டிக், எலும்பு சிமெண்ட் இப்படி ஏதாவது ஒண்ணையோ வச்சு மூடிடுவாங்க. அதுவரைக்கும் அந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுக்கக் கூடாது, நடக்கும்போது தலைக்கு பாதுகாப்பு மாட்டணும். குழி ரொம்ப உள்ள போய், எழுந்து உக்காந்தா தலைவலி, தலைசுத்தல், கை கால் பலம் குறையறது, பேச்சு தடுமாறறது வந்து, படுத்தா குறைஞ்சுதுன்னா டாக்டர்கிட்ட சொல்லுங்க, அதை அடிக்கடி அந்த மூடுற ஆபரேஷனே சரி பண்ணிடும்.

அடியும் இல்ல, ஆபரேஷனும் இல்ல, ஆனா புதுசா பள்ளம்னா காரணம் கொஞ்சம்தான், எல்லாமே அபூர்வம். குழந்தைக்கோ இளவயசுக்காரங்களுக்கோ நெத்தியிலேர்ந்து தலைமுடிக்குள்ள போற மாதிரி நீளமா ஒரு கோட்டுப் பள்ளம், அந்த இடத்துல தோல் வழவழன்னு, முடி கொட்டியிருந்தா அது தோல் இறுகி உள்வாங்குற லீனியர் ஸ்க்ளீரோடெர்மாங்கிற நோயா இருக்கலாம், தோல் டாக்டரைப் பாக்கணும், சீக்கிரம் மெதோட்ரெக்ஸேட் மாதிரி மருந்து ஆரம்பிச்சா பரவறதை நிறுத்தலாம், சிலருக்கு இதோட வலிப்பும் வரும். வயசானவங்களுக்கு, அதிகமா பெண்களுக்கு, மண்டையோட மேல்பக்கம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி எலும்பு மெலிஞ்சு மெதுவா குழியும், பெரும்பாலும் வேற எதுக்கோ எடுத்த ஸ்கேன்லதான் தற்செயலா தெரியும், வைத்தியம் ஒண்ணும் தேவைப்படாது. குழந்தைக்கு தலையில வலியோட மெத்துனு ஒரு கட்டி வந்து, அமுக்கினா அடியில எலும்பு இல்லாத மாதிரி இருந்தா லாங்கர்ஹான்ஸ் செல் நோய் (ஒரு வகை செல் அளவுக்கு மீறி பெருகி எலும்பை அரிக்கிறது) இருக்கான்னு பாப்பாங்க, இதுக்கு நல்ல வைத்தியம் இருக்கு. எல்லாரும் தேடிப் படிச்சு பயப்படற மல்டிபிள் மைலோமாவும் (எலும்பு மஜ்ஜையில வர்ற கேன்சர்) எலும்புக்குப் பரவுற கேன்சரும் மண்டையில ஓட்டை போடும்தான், ஆனா விரலுக்குத் தெரியற பள்ளமா முதல்ல வெளிப்படறது ரொம்ப அபூர்வம், அதுக்கு முன்னாடியே முதுகுவலி, சோகை, தாங்க முடியாத அசதின்னு உடம்பு வேற விதத்துல சொல்லியிருக்கும். மேடா, நகராம, கல்லு மாதிரி வருஷக்கணக்கா இருக்கிறது அனேகமா ஆஸ்டியோமாங்கிற எலும்புக்கட்டி, தோலோட சேந்து நகர்ற உருண்டைன்னா நீர்க்கட்டியோ கொழுப்புக்கட்டியோ, ரெண்டும் கேன்சர் இல்ல. வேகமா பெருசாகற எதையும், ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிற வலி இருக்கிற எதையும் காட்டிடுங்க.

ஸ்கேன் வேணுமான்னு டாக்டர் முடிவு பண்ணட்டும். எலும்பைப் பாக்க சிடிதான் சரி, மண்டையை முப்பரிமாணமா திருப்பித் திருப்பிப் பாக்கலாம், தோல், கட்டி, மூளை சம்பந்தப்பட்டதுன்னா எம்ஆர்ஐ. பெரியவங்களுக்கு தலை சிடி ஒண்ணுக்கு ரேடியேஷன் சுமார் 2 மில்லிசீவர்ட், ஒரு வருஷத்துல இயற்கையா நம்ம மேல படறதுக்கு கிட்டத்தட்ட சமம், தேவைன்னா தயங்க வேண்டியதில்ல, ஆனா மனசு சமாதானத்துக்காக ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எடுக்கிற விஷயமும் இல்ல. குழந்தைங்களுக்கு அனுபவமுள்ள டாக்டர் பெரும்பாலும் கையால தொட்டே கண்டுபிடிச்சுடுவார், சில இடத்துல அல்ட்ராசவுண்டுலயே கோடு மூடியிருக்கா இல்லையான்னு பாத்துடறாங்க. ஸ்கேனுக்கு வந்தா எந்த இடம்னு எங்ககிட்ட விரலை வச்சுக் காட்டுங்க, அங்க ஒரு அடையாளம் ஒட்டி எடுத்தா ரிப்போர்ட் எழுதற டாக்டருக்கு சரியா அந்த இடத்தைப் பாக்க வசதி. "தலைவலி"ன்னு மட்டும் எழுதிக்கிட்டு வந்தா அவர் மூளையைப் பாத்துட்டு நார்மல்னு எழுதிடுவார், உங்க பள்ளத்தைப் பத்தி ஒரு வரி கூட இருக்காது.

மண்டை மேட்டை வச்சு ஒருத்தரோட குணத்தையும் அறிவையும் சொல்லலாம்னு 1800 வாக்குல வியன்னாவுல ஃபிரான்ஸ் ஜோசஃப் கால்னு ஒரு டாக்டர் கிளப்பிவிட்டார், ஐரோப்பா முழுக்க கொஞ்ச காலம் ஓடுச்சு. 2018ல ஆக்ஸ்ஃபோர்ட் ஆராய்ச்சியாளர்கள் ஆயிரக்கணக்கானவங்களோட எம்ஆர்ஐயை வச்சு அதையே சீரியஸா சோதிச்சுப் பாத்தாங்க, ஒண்ணும் தேறல. பொண்ணு பாக்கப் போற இடத்துல நெத்தி மேட்டைப் பத்தி பேசற பெரியவங்களுக்கு இதை சொல்லிப் பாருங்க, கேக்க மாட்டாங்க.

எல்லாம் பாத்தாச்சு, நோய் ஒண்ணும் இல்ல, ஆனா பாக்க புடிக்கலங்கிறவங்களுக்கும் வழி இருக்கு. முடியை ஒரு மாதிரி வெட்டினா பாதிப் பேருக்கு அதுவே போதும், நல்ல சலூன்காரருக்கு எங்க விடணும் எங்க குறைக்கணும்னு தெரியும். எண்ணெய், மசாஜ், பெல்ட் எதாலயும் பெரியவங்க எலும்பு மாறாது. பிளாஸ்டிக் சர்ஜன்கிட்ட போனா வயித்துலேர்ந்து கொழுப்பு எடுத்து நிரப்பலாம், அதுல கொஞ்சம் கரைஞ்சு போகும், மறுபடி போடவேண்டி வரலாம். எலும்பு சிமெண்ட் வச்சு சமன் பண்ணலாம், முண்டை ராவி எடுக்கலாம், ஸ்கேன்ல அளந்து அளவெடுத்த மாதிரி இம்ப்ளாண்ட் செய்யலாம், எல்லாத்துக்கும் தழும்பும் இன்ஃபெக்ஷன் ஆபத்தும் உண்டு. நெத்தியில ஃபில்லர் (குழியை நிரப்பப் போடற ஊசி) போட்டுக்கிறதை மட்டும் பியூட்டி பார்லர்ல பண்ணிக்காதீங்க, அங்க ஓடுற ரத்தக்குழாய் கண்ணுக்குப் போற குழாயோட தொடர்புள்ளது, ஃபில்லர் அதுக்குள்ள போய் அடைச்சா பார்வையே போயிடலாம்.

இன்சூரன்ஸ் எடுத்திருக்கறவங்களுக்கு ஒரு விஷயம். அழகுக்காக பண்ற ஆபரேஷனுக்கு நம்ம நாட்டு ஹெல்த் பாலிசியில பொதுவா காசு தரமாட்டாங்க, ஆனா விபத்து, தீக்காயம், கேன்சர் இதுக்கப்புறம் சரிபண்றதுன்னா அந்த விலக்கு பொருந்தாது, உடம்புக்கு நேரடியா உடனடி ஆபத்து இருக்கு, அதை நீக்க மருத்துவ ரீதியா அவசியம்னு டாக்டர் எழுதிக் கொடுத்தாலும் அப்படித்தான். அதனால பள்ளம் விபத்துல வந்ததுன்னா டிஸ்சார்ஜ் சம்மரியில அது தெளிவா எழுதியிருக்கான்னு ஆஸ்பத்திரியை விட்டு கிளம்பறதுக்கு முன்னாடியே பாத்துக்கோங்க, பழைய சிடி ஸ்கேன் ஃபிலிமையும் அதோட கொடுத்த டிஸ்க்கையும் தூக்கிப் போட்டுடாதீங்க, பின்னாடி அளவெடுத்து தகடு செய்யவும், கிளெய்ம் பண்ணவும், ரெண்டுக்குமே அதைத்தான் கேப்பாங்க.